அடுப்புக்கு நேர் மேல செல்ஃபா, பேராண்டி?

ஏ அய்யா, அந்தப் போனை இங்கிட்டுக் கொண்டா. கண்ணாடியப் போட்டுக்கிட்டு நல்லாப் பாக்கணும்ல. ம்... வெள்ளைச் செவுரு. அதுல தேக்குக் கலர்ல ஒரு பலகை. பலகை மேல கண்ணாடிச் சாடி ஆறு, எல்லாம் ஒரே உசரம், ஒரே மூடி. பக்கத்துல சின்னத் தொட்டியில ஒரு பச்சைச் செடி. கீழ அடுப்பு. அடுப்புல ஒரு சொட்டு எண்ணெ இல்ல. ட்யூப்பு எங்கிட்டுப் போகுதுன்னு தெரியல, சிலிண்டரையும் காணோம். செவுத்துல கடுகு வெடிச்ச தடம் கூட இல்ல. நல்ல வீடுய்யா. சமைக்கிற பழக்கந்தான் அந்த வீட்டுல கெடையாது போல.

இதப் பாத்துட்டுத்தான், லோன் போட்டுக் கட்டுன வீட்டுல டைல்ஸ் ஒட்டி ஈரம் காயறதுக்குள்ள, அடுப்புக்கு மேல ஓட்டை போடணும்னு வந்து நிக்கிற. நிக்கிறது தப்பில்ல. எங்கிட்ட வந்து கேட்டதுதான் ஆச்சரியம். வீடு கட்டும்போது, "தாத்தா, நீங்க சும்மா ஒக்காருங்க, எல்லாம் எஞ்சினியர் பாத்துக்கிடுவாரு"ன்ன ஆளு நீ. சரின்னு சும்மாத்தான் ஒக்காந்திருந்தேன். சும்மா ஒக்காந்திருக்கிற கொத்தனாருக்குக் கை மட்டுந்தான் ஓய்வு, கண்ணுக்கு இல்ல. ஒன் அடுப்படிச் செவுத்துக்குள்ள என்ன போகுதுன்னு எனக்குத் தெரியும். அதப் பெறவு சொல்றேன். முதல்ல செல்ஃபுக்கு வருவோம்.

அடுப்புக்கு மேல சாமான் வைக்கிறத நீயும் அந்தப் போனும் சேந்து கண்டுபிடிச்சதா நெனச்சிராத. ஒம் பாட்டி வெறகடுப்பு வச்சிருந்தாளே, அதுக்கு நேர் மேல மூங்கில் பரண் ஒண்ணு உண்டு. வெதைக்குன்னு எடுத்து வச்ச சோளக்கதிரு, கம்பங்கதிரு, சுரைக்குடுக்கைக்குள்ள கத்திரி வெத, பீர்க்கு வெத, எல்லாம் அதுல தொங்கும். நாள் பூரா வெறகுப் பொகை ஏறி ஏறி வெதையெல்லாம் கறுத்துப் போயிரும். வண்டு கிட்ட வராது, ஈரம் அண்டாது, செல்லரிக்காது. அடுத்த ஐப்பசிக்கு எடுத்து வெதைச்சா ஒண்ணு விடாம மொளைக்கும். பொகைக்கு அங்க வேல இருந்துச்சு. அதனால அடுப்புக்கு மேல பரண் இருந்துச்சு.

கேஸ் அடுப்புல என்ன வருது? பொகை வராது. அதுக்குப் பதிலா சூடு வருது, எண்ணெ ஆவி வருது, தண்ணி வருது. என்ன தாயி சிரிக்கிற? தீயில தண்ணி எங்க இருந்து வருதுன்னா? நானும் இப்பிடித்தான் சிரிச்சேன். நம்ம மேலத்தெருக் கெமிஸ்ட்ரி வாத்தியார் கணக்குப் போட்டுக் காட்டுனாரு. ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரைக் கிலோவுக்கு மேல தண்ணி ஆவியாக் கெளம்புதாம். வீட்டுச் சிலிண்டர்ல 14.2 கிலோ. ஆக, ஒரு சிலிண்டர் தீந்துச்சுன்னா, நீ காசு குடுத்து வாங்குற 20 லிட்டர் கேன் தண்ணிக்கு மேல, கண்ணுக்குத் தெரியாம ஒன் செல்ஃபத் தடவிட்டுப் போயிருக்கு. கொழம்பு கொதிச்ச ஆவி, சோறு வடிச்ச ஆவி எல்லாம் இந்தக் கணக்குல சேராது.

குக்கர் இருக்கே, அது தனிக் கத. உள்ள 120 டிகிரிச் சூட்டுல அடைஞ்சு கெடக்குற ஆவி, விசில் வழியா நேர் மேல பாயும். நேர் மேல யாரு இருக்கா? ஒன் கண்ணாடிச் சாடி. பருப்புல தண்ணி கொஞ்சம் கூடிப்போன அன்னைக்கு, அந்த ஆறு சாடிக்கும், அந்தப் பச்சைச் செடிக்கும் மஞ்சத்தண்ணி அபிஷேகந்தான். கும்பாபிஷேகத்துக்கு ஐயர் வைக்க வேண்டியதில்ல, குக்கரே பாத்துக்கிடும்.

சாடிக்குள்ள இருக்கிற சாமானையும் நெனச்சுப் பாரு. விருதுநகர் சம்பா வத்தல அரைச்சு வச்சா நெறமும் காரமும் கண்ணப் பறிக்கும். அதக் கொண்டு போயி அடுப்புச் சூட்டுல, கண்ணாடிச் சாடியில வெளிச்சம் பட வச்சா, கொஞ்ச நாள்ல செங்கல் பொடிக்கும் அதுக்கும் நெறத்துல வித்தியாசம் கண்டுபிடிக்க என்னையத்தான் கூப்பிடணும். உப்பு கசிஞ்சு கட்டியாயிரும். காப்பித்தூள் ஈரத்த இழுத்து எறுகிப் போயிரும். எண்ணெ பாட்டில வச்சியோ, சூடு பட்டுப் பட்டுக் காறிப்போகும். காறிப்போறது கூடப் பரவாயில்ல. தீக்கு நேர் மேல எண்ணெயத் தூக்கி வைக்கிற வீட்டுக்கு, அடுப்படி அக்கினி மூலையில இருக்கணும்னு வாஸ்துக்காரருக்குத் தனியா வெத்தல பாக்கு வச்சது எதுக்குன்னுதான் எனக்குப் பிடிபடல. அக்கினிய மூலையில பத்திரமா ஒக்கார வச்சுட்டு, அதுந் தலையில எண்ணெயக் கவுக்க ஏற்பாடு பண்ணிருக்க.

சரி, ஒரு டேப்பு எடுத்துட்டு வா. செவுத்த அளக்கிறதுக்கு இல்ல. தாயி, நீ இப்பிடி வந்து நில்லு.

சமைக்கிற மேடை 33 இஞ்ச். அது மேல அடுப்பு 6 இஞ்ச். ஆக 39. அடுப்புக்கும் பலகைக்கும் நடுவுல எம்புட்டு விடணும்? அமெரிக்காவுல கட்டடச் சட்டத்துலயே இருக்காம், அடுப்பு மட்டத்துக்கும் மேல உள்ள மரத்துக்கும் நடுவுல 30 இஞ்ச் இருக்கணும்னு. இங்க சிம்னி விக்கிறவுகளே 65-லருந்து 75 சென்டிமீட்டர் விடச் சொல்லுதாக. கிட்டத்தட்ட அதே கணக்கு. 39-ம் 30-ம் 69. அஞ்சே முக்கால் அடி. பலகையோட அடிப்பாகமே அங்கதான் வரும். சாடி அதுக்கு மேல ஒக்காரும்.

இப்ப ஒம் பொண்டாட்டி உசரம் என்ன? 5 அடி 1 இஞ்ச். நல்லா நிமுந்து நின்னா.

கத இன்னும் முடியல. மேடை அகலம் 24 இஞ்ச். நீ வாங்கப் போற பலகை 9 இஞ்ச், செவுத்தோட ஒட்டி நிக்கும். மேடை விளிம்புலருந்து பலகை விளிம்பு வரைக்கும் 15 இஞ்ச் எட்டிப் போகணும். அந்த 15 இஞ்சுக்கு அடியிலதான் ரெண்டு பர்னரும் எரியுது. தீ படாத உசரத்துல வச்சா அந்தப் புள்ளைக்கு எட்டாது. எட்டுற உசரத்துல எறக்கி வச்சா தீயில வேகும். இந்தக் கணக்கு அந்தப் போன் படத்துல வராது. ஏன்னா, படத்துல ஆளே இல்ல.

சரி, ஸ்டூல் போட்டுக்கிடலாம்னு சொல்லப் போற. சொல்லு, கேப்போம். ஒரு கையில கரண்டி, ஒரு காலு ஸ்டூல்ல, முந்தானை கொழம்புல. நீ ஹால்ல ஒக்காந்து, "இன்னும் ஆகலையா?"ன்னு கேப்ப.

வெளையாட்டுக்குச் சொன்னாலும் இதுல மட்டும் வெளையாட்டு இல்லய்யா. எரியுற அடுப்புக்கு மேல கைய நீட்டி டப்பா எடுக்கப் போயி, நைலான் சேலையில தீப்பிடிச்ச கத நம்ம பக்கம் எத்தன வீட்டுல! நைலான் எரியுறதோட நிக்காது, உருகி ஒடம்புல ஒட்டும். அதுக்காகத்தான் அடுப்புக்கு மேல அலமாரி வேண்டாம்னு கேஸ்காரவுகளே தாள்ல போட்டுச் சொல்லி வச்சிருக்காக. அந்தத் தாள நீ எங்க வச்சிருக்க? தெரியும். சிலிண்டருக்கு அடியில மடிச்சு வச்சிருக்க, ஆட்டம் எடுக்காம இருக்க.

இம்புட்டும் கேட்டுட்டு, "அப்ப செல்ஃபே வேண்டாங்குறீங்களா?"ன்னு மொகத்தத் தூக்காத. செல்ஃபு போடு. அடுப்போரத்துலருந்து ஒரு முழம் பக்கவாட்டுல தள்ளிப் போடு. வலது கைப்பக்கமா, மேடையிலருந்து ஒன்றரை அடி உசரத்துல. 33-ம் 18-ம் 51 இஞ்ச். நெஞ்சு மட்டத்துக்குச் சித்த மேல. தாயி நின்ன எடத்துலருந்து அசையாம அஞ்சறைப்பெட்டி, உப்பு, புளி, பெருங்காயம் எல்லாத்தையும் எடுத்துக்கிடலாம். ஆவி பக்கத்துல போகாது, நேர் மேலதான் போகும். இதுக்கு எஞ்சினியர் வேண்டாம், இட்லி வேகுறதப் பாத்திருந்தாப் போதும்.

நேர் மேலயும் ஒண்ணு வேணும்னு ஒனக்கு ஆசை. வெறுஞ்செவுத்தப் பாத்தா கை அரிக்குது. சரி, 30 இஞ்ச் விட்டு அதையும் போடு. ஆனா அதுல என்ன வைக்கலாம்னா, அடுப்பு எரியுறப்ப தேவப்படாத சாமான் மட்டும். விருந்தாளி வந்தா எடுக்கிற எவர்சில்வர் தட்டு, காலி டிபன் கேரியர், வடிதட்டு. எடை கம்மி, கண்ணாடி கெடையாது, எண்ணெ கெடையாது, பிளாஸ்டிக் டப்பா கெடையாது. பிளாஸ்டிக் டப்பாவ அங்க வச்சா மூடி கோணிக்கிட்டு ஒரு பக்கம் வாயப் பொளந்திரும். சிம்னி வாங்கப் போறேன்னா இந்தப் பேச்சே வேண்டாம், அந்த எடம் சிம்னிக்கு, செல்ஃபு வச்சா பொகை போற வழிய மறிச்சுக்கிட்டு நிக்கும். ரெண்டும் வாங்கிப் போட்டுட்டு எதக் கழட்டுறதுன்னு என்னைக் கேக்க வராத.

பிசுக்கு பிடிக்குமே, அத யாரு தொடைக்கிறது? எண்ணெ ஆவி பலகை மேல படியும், அது மேல தூசி படியும், ரெண்டும் சேந்து கையில ஒட்டுனா தெருக்கோடி வரைக்கும் கூட வரும். வெந்நியில சலவைச் சோடா கரைச்சுத் தொடைச்சாத்தான் போகும். வாரத்துக்கு ஒரு தடவ. செல்ஃபு யாரு ஆசைப்பட்டதோ அவுகதான் தொடைக்கணும்னு வீட்டுல ஒரு சட்டம் போட்டுரு தாயி. ஆசை பாதியாக் கொறைஞ்சிரும்.

இனி கடைக்குப் போவோம். என்ன சாமான்ல வாங்கப் போற?

அந்தப் படத்துல உள்ள தேக்குக் கலர் இருக்கே, அது தேக்கு இல்ல. மரத்தூள அமுக்கி, மேல ஒரு தாள ஒட்டி வச்சிருக்கிற பார்ட்டிகிள் போர்டு. சோறு வடிக்கிற ஆவி படப்பட ஓரம் உப்பிக்கிட்டு வரும். உப்புனது பெறவு அமுங்காது. ப்ளைவுட்தான் வேணும்னா கமர்ஷியல்னு சொல்லிக் குடுக்கிறத வாங்காத. மரைன் ப்ளை, பலகையிலயே 710-னு முத்திரை இருக்கும், அதப் பாத்து வாங்கு. அதுவும் பக்கவாட்டுச் செல்ஃபுக்குத்தான். தீக்கு நேர் மேல மரச்சாமானே வேண்டாம்.

கடப்பாக்கல்லு எனக்குப் பிடிச்ச சாமான். நான் பதிச்ச கல்லு இன்னும் எத்தனையோ வீட்டுல நிக்குது. ஆனா அது செவுரு கட்டும்போதே பதிக்க வேண்டியது. மூணடி நீளம், 9 இஞ்ச் அகலம், முக்கால் இஞ்ச் கனத்துல ஒரு துண்டு 10 கிலோவுக்கு மேல வரும். அத டைல்ஸ் ஒட்டுன பெறகு ரெண்டு எல்-ஆங்கிள்ல ஒக்கார வச்சு, மேல ஒரு அஞ்சாறு கிலோ சாமானையும் அடுக்குனா, ஒரு சிலிண்டர் கேஸ் எடைய ஒம் பொண்டாட்டி தலைக்கு மேல தொங்க விடுற. அதோட அது சுண்ணாம்புக்கல் சாதி. எலுமிச்சச் சாறு, புளித்தண்ணி பட்டா மேப்பாலிஷ் போயி வெள்ளத் திட்டு விழும். ஒங்க பாட்டி இன்னைக்கும் எலுமிச்சங்காய அது மேல வச்சுத்தான் நறுக்குவா. நான் சொல்லி அவ எப்பக் கேட்டா?

மிச்சம் இருக்கிறது எவர்சில்வர். அடுப்படிக்கு அதுதான் சரி. ஆனா கடையில ஒரு வித்த காட்டுவாக, அத மட்டும் தெரிஞ்சுக்கிட்டுப் போ. நீ உள்ள நொழைஞ்ச ஒடனே அண்ணாச்சி கல்லாப்பெட்டியிலருந்து ஒரு காந்தத்த எடுப்பாரு. "பாருங்க தம்பி, ஒட்டுதா? ஒட்டல பாத்தீங்களா? சுத்தமான 304"ம்பாரு. நீயும் வாயப் பொளந்து பாத்துட்டு பர்சத் தெறப்ப. காந்தம் ஒட்டாதது வாஸ்தவந்தான். ஆனா 304-லயும் ஒட்டாது, 202-லயும் ஒட்டாது. 304-ல 18 பங்கு குரோமியம், 8 பங்கு நிக்கல். 202-ல நிக்கலக் கொறைச்சு மாங்கனீசக் கூட்டியிருப்பாக. வெல கம்மி. உப்பும் ஆவியும் படுற எடத்துல கொஞ்ச நாள்ல பழுப்புப் புள்ளி வச்சிரும். காந்தத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அண்ணாச்சிக்குத் தெரியும். அதனால நீ காந்தத்தப் பாக்காத, அண்ணாச்சி மொகத்தப் பாத்து, "பில்லுல 304-னு எழுதிக் குடுத்துருங்க அண்ணாச்சி"ன்னு மரியாதையாக் கேளு. காந்தம் தானா கல்லாப்பெட்டிக்குள்ள போயிரும். பெறவு, "தம்பிக்கு நல்லதா உள்ள இருந்து எடுத்துட்டு வாடா"ன்னு பையனுக்கு ஒரு சத்தம் போகும்.

ஸ்க்ரூவும் எவர்சில்வர்லயே கேளு. இல்லன்னா செல்ஃபு பளபளன்னு இருக்கும், ஸ்க்ரூவுலருந்து துரு வழிஞ்சு டைல்ஸ்ல கோடு எறங்கும்.

அலமாரிய வாங்கிட்டு வந்தாச்சு. இனிமேதான் என் பேட்டைக்குள்ள வார. ஒன் அடுப்படிச் செவுரு எத்தன இஞ்ச்? தெரியாது. வட்டி எத்தன பர்சென்ட்னா டக்குனு சொல்லுவ. வெளிச்செவுரு 9 இஞ்ச். அடுப்பு இருக்கிற செவுரு வெளிச்செவுரு இல்ல, நடுச்செவுரு, 4½ இஞ்ச். அந்தப்பக்கம் பாத்ரூம். பாத்ரூம்ல என்ன இருக்கு? கீசர். கீசருக்கு வெந்நிப் பைப்பு எதுக்குள்ள போகுது? ஆ, இப்பத்தான் மொகத்துல ரத்தம் எறங்குது.

பூசுறதுக்கு முந்தி பைப்பு போற தடத்த ஒரு போட்டோ எடுத்து வையிடான்னு அன்னைக்கே சொன்னேன். நீ எடுத்த. என்னைய எடுத்த. "தாத்தா, வேல பாக்குற மாதிரி போஸ் குடுங்க"ன்னு, வேல பாக்க விடாம ஒக்கார வச்சு எடுத்தியே, அந்தப் போட்டோதான். அத எடு. பெருசாக்கு. எம் மொகத்த இல்லய்யா, அத நான் தெனமும் பாக்கேன், பின்னால பாரு. என் வலது தோளுக்கு மேல செவுத்த வெட்டிப் பைப்பு படுக்கையாப் போகுதா? என் இடுப்பு வரைக்கும் ஆறு வரி செங்கல் தெரியுதா? அதுக்கு மேல பைப்பு வரைக்கும் எத்தன வரின்னும் எண்ணிக்கோ. ஒரு செங்கலும் கலவையும் சேந்து என்ன உசரம்னு இன்னும் பூசாம கெடக்குற மாடிக் கைப்பிடிச் செவுத்துல போயி அளந்துட்டு வா. பைப்பு எந்த உசரத்துல போகுதுன்னு கணக்கு வந்துரும். அந்த உசரத்துக்கு மேலயும் கீழயும் ஒரு சாண் தள்ளித்தான் ட்ரில்லு போகணும்.

கரண்டு வயரு இன்னும் சுளுவு. மிக்சிக்கு சுவிட்சு பாக்ஸ் இருக்கில்ல, அதுலருந்து வயரு பெரும்பாலும் நெட்டுக்குத்தா மேல ஏறும். அந்தக் கோட்டுல ஓட்டை போடாத. எங்க ஓட்டை போட்டாலும் மெயின அமத்திட்டுத்தான் போடணும்னு சொன்னா, ட்ரில்லுக்குக் கரண்டு எங்க இருந்து வரும்னு கேப்ப. அடுப்படி எம்சிபிய மட்டும் அமத்து, ஹால்லருந்து ஒயர இழு. படிச்ச புள்ள, இதயும் நாந்தான் சொல்லணும்.

டைல்ஸ விரல் முட்டியால தட்டிப் பாரு, சந்தையில தேங்காயத் தட்டிப் பாப்பியே அது மாதிரி. கணீர்னு கட்டியாக் கேட்டா பின்னால கலவை நெறஞ்சிருக்கு. டொக்குனு கேட்டா உள்ள வெத்து. ட்ரில் வச்சா அந்த எடம் விரிசல் விட்டுரும். டைல்ஸ் மேல ஒட்டுத்தாளு ஒரு துண்டு ஒட்டி, அது மேல பேனாவால புள்ளி வை. அப்பத்தான் பிட்டு வழுக்காது. டைல்ஸ் பிட்டுப் போடு. ஹேம்மர் சுவிட்ச அமத்தி வச்சுக்கிட்டு, மெதுவா, அவசரமில்லாம ஓட்டு. டைல்ஸ் தாண்டி உள்ள எறங்குன பெறகுதான் பிட்ட மாத்தி ஹேம்மரப் போடணும். டைல்ஸ் தெறிச்சுதோ, அதே கலர் டைல்ஸ் தேடி நீ மதுரைக்கும் விருதுநகருக்கும் பஸ் பாஸ் எடுக்கணும். கலர் கெடைக்கும், அதே கலர் கெடைக்காது.

எங்க காலத்துல இதெல்லாம் ஏது? உளிய வச்சுச் செவுத்தக் கொத்தி, வைரம் பாஞ்ச பனங்கட்டைய ஆப்பாச் செதுக்கி உள்ள எறக்கி, சுத்தி சிமிட்டிய அடைச்சு, அது எறுகுன பெறகு அதுல ஆணி அடிப்போம். அரைநாள் வேல, அரைநாள் கூலி. ஆர்த்தர் ஃபிஷர்னு செர்மனியில ஒரு ஆளு, 1958-ல நைலான்ல ஒரு சின்னக் குப்பி பண்ணுனாரு. ஸ்க்ரூவ முறுக்க முறுக்க அது உள்ளுக்குள்ள விரிஞ்சு செங்கலக் கவ்விக்கிடும். எங்க அரைநாள் கூலி அன்னைக்கே போச்சு. அந்த மனுசர் பேருல 1,100-க்கு மேல காப்புரிமை இருந்துச்சாம். அவருமேல எனக்குக் கோவம் இல்ல. ஆனா அவரு பண்ணுன குப்பியக் கொண்டு போயி பூச்சுல மாட்டி விடுறானுகளே, அவனுகமேலதான் கோவம்.

ஏன்னு கேளு. டைல்ஸ் கால் இஞ்சுக்கு மேல. அத ஒட்டுன கலவை அரை இஞ்ச். அதுக்குப் பின்னால பூச்சு அரை இஞ்ச். ஆக, ஒண்ணேகால் இஞ்சுக்கு மேல தாண்டுனாத்தான் செங்கலே ஆரம்பிக்குது. கடையில செல்ஃபோட சேத்துக் குடுக்கிற ஸ்க்ரூ ஒன்றரை இஞ்ச். அது செங்கலுக்கு வணக்கம் சொல்லிட்டு வெளியவே நின்னுக்கிடும். அதத் தூக்கிப் போட்டுட்டு 3 இஞ்ச் ஸ்க்ரூவும் அதுக்குத் தக்க 8 எம்எம் ஃபிஷர் பிளக்கும் வாங்கு. பிளக்கு முழுசும் செங்கலுக்குள்ள போகணும். ஒன் நடுச்செவுரு 4½ இஞ்சுதாங்கிறதையும் ஞாபகம் வச்சுக்கோ. ரொம்ப வீரம் காட்டி அழுத்துனா, அந்தப்பக்கம் குளிச்சுக்கிட்டு இருக்கிறவன் தோள்ல பிட்டு நொழையும்.

ஓட்டைக்குள்ள தூசி அடைஞ்சு கெடக்கும். அத ஊதி எடுத்துட்டுத்தான் பிளக்க அடிக்கணும். கண்ண மூடிக்கிட்டு ஊது. சொல்லலைன்னா தெறந்துக்கிட்டு ஊதுவ.

எல்-ஆங்கிள்ல நீளக்காலு செவுத்துப் பக்கம், குட்டக்காலு பலகைக்கு அடியில. பாதிப்பேரு இதத்தான் மாத்தி மாட்டுவாக, பலகைக்கு நல்லாத் தாங்கட்டும்னு. பலகை ஒடைஞ்சு விழுறது கெடையாதுய்யா, மேல் ஸ்க்ரூ பிடுங்கிக்கிட்டுத்தான் விழும். செவுத்துக் காலு நீளமா இருக்க இருக்க மேல் ஸ்க்ரூவுக்கு இழுவை கொறையும். கனமான சாமானச் செவுத்தோரமா வை, லேசானத விளிம்புல வை.

மட்டம் பாக்க ரசமட்டம் வச்சுப் பாப்ப. குமிழி நடுவுல நின்னதும் சந்தோசமா முறுக்கிருவ. பெறவு நாலடி பின்னால வந்து பாத்தா செல்ஃபு கோணலாத் தெரியும். ரசமட்டத்தத் திட்டாத. ஒன் டைல்ஸ்காரன் போட்ட கோடு சன்னமாச் சாய்ஞ்சிருக்கு. அவன் ஒட்டும்போதே எனக்குத் தெரியும், நான்தான் சும்மா ஒக்காந்திருந்தேன்ல. செல்ஃபு மட்டமா இருந்தா டைல்ஸ் கோட்டுக்குக் கோணல், டைல்ஸ் கோட்டுக்குச் சரியா வச்சா மட்டத்துக்குக் கோணல். ரெண்டுக்கும் நடுவுல, டைல்ஸ் கோடு பக்கத்துல வராத உசரமாப் பாத்துப் பலகைய வை. கண்ணுக்கு ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணும் இல்லைன்னா கோணல் தெரியாது. எத்தனையோ வீட்டுல நான் இப்பிடித்தான் நல்ல கொத்தனார்னு பேரு வாங்குனேன்.

ஓட்டை போடுறதுக்கு முந்தி ரெகுலேட்டர அமத்து. அடுப்பத் தூக்கி அங்கிட்டு வை. அப்பிடியே விட்டு ட்ரில் போட்டா செங்கத்தூசி பர்னர் ஓட்டையில அடைஞ்சு, நாளைக்குத் தீ மஞ்சளா எரியும். அடுப்பத் தூக்கும்போது அந்த ஆரஞ்சு ட்யூப்புல போட்டிருக்கிற வருசத்தையும் பாத்துக்கோ. அஞ்சு வருசத்துக்கு ஒருக்க மாத்தணும். பழைய வீட்டுலருந்து கொண்டாந்த ட்யூப்புதான அது? புது வீட்டுக்குப் புதுப் பலகை, புதுச் சாடி, புதுச் செடி. ட்யூப்பு மட்டும் ஒங்கப்பன் கல்யாணத்துக்கு வாங்குனது.

மாட்டி முடிச்ச ஒடனே சாமான அடுக்காத. 10 கிலோ அரிசிப்பை ஒண்ண மேல ஏத்தி, ஒரு ராத்திரி விடு. காலையில ஆங்கிளுக்கும் டைல்ஸுக்கும் நடுவுல ஒரு தாளச் சொருகிப் பாரு. நொழைஞ்சா ஸ்க்ரூ எளகியிருக்குன்னு அர்த்தம், கழட்டிட்டு எனக்கு ஆள் விடு. அது வரைக்கும் அடுப்பு பத்த வேண்டாம். அன்னைக்கு ராத்திரிக்குத் தாயி சமைக்கவும் வேண்டாம். பஜார்ல எண்ணெப் பரோட்டா வாங்கிட்டு வா. வரும்போது எனக்கும் நாலு. ஒம் பாட்டி கேட்டா ரெண்டுன்னு சொல்லு.